விளம்பர ஐடியை எப்போது கேட்பது, எப்படி வைப்பது, எப்போது விடுவது

ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைகளின் தக்காளி விலையையும், பருவம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்காய் விலையையும் அன்றாடம் காட்டும் சிறிய செயலி ஒன்றை நானும் நண்பர்கள் இருவரும் காவேரிப்பட்டணத்தில் இருந்து நடத்தி வருகிறோம். செயலி இலவசம், சர்வர் செலவை விளம்பர வருவாய்தான் தாங்குகிறது. 2023 ஜூன் மாதத்தில், ஆண்ட்ராய்டு 13-ஐ இலக்காகக் கொண்ட புதிய பதிப்பை வெளியிட்ட மறுநாள் விடியற்காலையில், பாலக்கோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் அழைத்து, "தம்பி, தக்காளி வெலை பாக்கலாம்னு தொறந்தா மாங்கா வெலையா வந்து நிக்குதே, என்ன பண்ணி வெச்சீங்க?" என்று கேட்டார். ஒன்பது மணிக்குள் அதே குறையுடன் மேலும் பலர் அழைத்துவிட்டனர்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அன்று மதியம் ஆயிற்று. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சந்தையை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், அடுத்த முறை அதுவே முதலில் தோன்ற வேண்டும் என்பதற்காக, அத்தேர்வை அவருடைய கைப்பேசியின் விளம்பர ஐடியோடு (விளம்பரத்துக்காகக் கைப்பேசியை அடையாளம் காட்டும் எண்) சேர்த்துச் சர்வரில் சேமித்திருந்தோம். ஆண்ட்ராய்டு 13-ஐ இலக்காகக் கொள்ளும் செயலி, விளம்பர ஐடிக்கான அனுமதியை, செயலிக்கு வேண்டிய அனுமதிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பில் வெளிப்படையாக அறிவிக்காவிட்டால், ஐடிக்குப் பதிலாக 00000000-0000-0000-0000-000000000000 என்னும் சுழியங்கள் மட்டுமே அதற்குக் கிடைக்கும். பழைய லைப்ரரியை (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு) நம்பியிருந்த எங்கள் செயலியில் அந்த ஒரு வரி இல்லை. ஆகவே புதிய பதிப்பைப் பெற்ற அத்தனை கைப்பேசிகளும் எங்கள் சர்வரின் பார்வையில் ஒரே ஆளாகிவிட்டன. கடைசியாக யார் எந்தச் சந்தையைத் தேர்ந்தெடுத்தாரோ, அதுவே அனைவருக்கும் தோன்றியது.

அந்த வரியைச் சேர்த்திருந்தால் குறை அன்றைக்குத் தீர்ந்திருக்கும். ஆனால் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது, சுழிய ஐடியோடு வந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. தம் கைப்பேசியில் விளம்பர ஐடியை நீக்கியிருந்த சிலரை நாங்கள் ஓராண்டுக்கும் மேலாக ஒருவரோடு ஒருவர் கலந்து வைத்திருந்தோம். எண்ணிக்கை குறைவாக இருந்ததால் எவரும் அதைச் சொல்லவில்லை. எனவே தவறு மேனிஃபெஸ்ட்டில் தொடங்கவில்லை. பயனர் எந்நேரமும் மாற்றவோ நீக்கவோ உரிமையுள்ள ஓர் எண்ணை அவருடைய நிலையான அடையாளமாக நாங்கள் எடுத்துக்கொண்டதில்தான் தொடங்கியது. சிறிய குழுவாகவோ தனியாகவோ செயலி எழுதுகிறவர்கள் அதே பள்ளத்தில் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, இந்த ஐடியைக் கையாளும் முறையைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

இந்த எண் எதற்காக வந்தது

விளம்பர ஐடி என்பது 128 பிட் நீளமுள்ள ஒரு தற்போக்கு (ரேண்டம்) எண். இடைக்கோடுகளையும் சேர்த்து 36 எழுத்துகளாக எழுதப்படும். அதில் பெயரோ ஊரோ கைப்பேசி எண்ணோ கிடையாது. இது வருவதற்கு முன்பு, விளம்பர நிறுவனங்களும் செயலி எழுதுவோரும் ஐஎம்இஐ எண், வைஃபை மேக் முகவரி, ஐஃபோனில் யூடிஐடி போன்ற, கருவியோடு பிறந்து கருவியோடு மட்டுமே மறைகிற எண்களைப் பயன்படுத்தி வந்தனர். அவற்றைப் பயனரால் மாற்ற இயலாது. ஒருமுறை ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டால், கைப்பேசியைத் தூக்கி எறிந்தாலன்றி விடுதலை இல்லை.

ஆப்பிள் நிறுவனம் 2012-இல் ஐஓஎஸ் 6-உடன் விளம்பரத்துக்கென்று தனி ஐடியைக் கொண்டுவந்தது. 2013 மே 1 முதல், யூடிஐடியைப் படிக்கும் செயலிகளை ஏற்பதை நிறுத்தியது. கூகுள் தன் விளம்பர ஐடியை 2013-இன் இறுதியில், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பின்னணியில் இயங்கும் தன் பிளே சர்வீசஸ் மென்பொருளின் 4.0 பதிப்பு வழியாக அறிமுகப்படுத்தி, 2014 ஆகஸ்ட் 1 முதல், பிளே ஸ்டோரில் ஏற்றப்படும் செயலிகள் விளம்பரத் தேவைக்கு இதையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. இரண்டிலும் மையக் கருத்து ஒன்றே: பயனர் விரும்பினால் பழைய எண்ணைக் கைவிட்டுப் புதியதைப் பெறலாம், அப்போது பழைய எண்ணோடு சேர்ந்திருந்த வரலாறு அறுந்துபோக வேண்டும்.

தொடக்கத்தில், 'என்னைப் பின்தொடர வேண்டாம்' என்று ஆண்ட்ராய்டு பயனர் சொன்னாலும் ஐடி செயலிக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது; கூடவே ஒரு குறிப்பு மட்டும் வரும், அதை மதிப்பது செயலியின் பொறுப்பு. ஐஓஎஸ் 10 வந்த 2016 முதல் ஆப்பிளும், 2021-இன் இறுதியில் ஆண்ட்ராய்டு 12 கருவிகளில் தொடங்கி 2022 ஏப்ரல் முதல் பிளே சர்வீசஸ் உள்ள மற்றக் கருவிகளில் கூகுளும், மறுத்தவர்களின் ஐடியைச் சுழியங்களாகவே அனுப்பத் தொடங்கின. ஆகையால் இன்று சுழிய ஐடி என்பது பிழைச் செய்தி ஆகாது. அது பயனர் சொன்ன பதில். பதிலாகவே அதை நிரலில் கையாள வேண்டும்.

உங்கள் செயலிக்கு இது தேவைதானா

பெரும்பாலான சிறு செயலிகளுக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. விளம்பரம் காட்டுவதற்காக நாம் சேர்க்கும் எஸ்டிகே (விளம்பர நிறுவனம் தரும் நிரல் தொகுப்பு), தனக்கு வேண்டிய ஐடியைத் தானே படித்துக்கொள்கிறது. நம் சொந்த நிரல் அதைத் தொட வேண்டிய அவசியமே எழுவதில்லை. நாமே அதைப் படிக்க வேண்டி வருவது, ஒரு விளம்பரத்தின் வழியாக வந்தவர் செயலியை நிறுவினாரா என்று கணக்கிடும்போதும், ஒரே விளம்பரத்தை ஒருவருக்கு எத்தனை முறை காட்டுவது என்பதை நம் சர்வரே தீர்மானிக்கும்போதும்தான்.

பயனரின் தேர்வுகளை நினைவில் வைப்பதற்கு, செயலி முதன்முறை திறக்கப்படும்போது நாமே ஒரு தற்போக்கு யூயூஐடியை (வேறெதோடும் ஒத்துப்போகாத 128 பிட் எண்) உருவாக்கி, செயலியின் சொந்தச் சேமிப்பில் வைத்துக்கொண்டால் போதும். செயலியை நீக்கும்போது அதுவும் போய்விடும், வேறெந்தச் செயலிக்கும் அது தெரியாது. எத்தனை பேர் செயலியைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணுவதற்கும் போலிக் கணக்குகளைத் தடுப்பதற்கும் ஆண்ட்ராய்டில் ஆப்-செட்-ஐடி என்று தனியாக ஒன்று உண்டு. பிளே ஸ்டோர் வழியாக நிறுவப்பட்ட, ஒரே டெவலப்பர் கணக்கின் செயலிகளுக்கு மட்டும் அது பொதுவாக இருக்கும். 13 மாதங்களுக்கு மேல் எந்தச் செயலியும் அதைப் படிக்கவில்லை என்றால் மாறிவிடும். விளம்பரத் தேவைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. ஐஃபோனில் இதற்கு நிகரானது ஐடென்டிஃபையர்-ஃபார்-வெண்டார்.

விளம்பர ஐடி கிடைக்காதபோது ஐஎம்இஐ-க்குத் திரும்பிவிடலாம் என்று இன்றும் சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரணச் செயலிகளுக்கு அது கிடைப்பதில்லை. கிடைத்தாலும், 'வேண்டாம்' என்று வாசலில் சொன்னவர் வீட்டில் கொல்லைப்புறமாக நுழைவதற்கு அது ஒப்பானது.

ஆண்ட்ராய்டில் படிக்கும் முறை

தேவை உண்டு என்று முடிவு செய்தபின், மூன்று இடங்களில் மாற்றம் வேண்டும். செயலியைக் கட்டமைக்கும் கிரேடில் கோப்பில் பிளே சர்வீசஸின் ஆட்ஸ்-ஐடென்டிஃபையர் லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். மேனிஃபெஸ்ட்டில் 'காம்.கூகுள்.ஆண்ட்ராய்டு.ஜிஎம்எஸ்.பெர்மிஷன்.ஏடி_ஐடி' என்னும் அனுமதியை அறிவிக்க வேண்டும். செயலிகளை வெளியிடும் தளமான பிளே கன்சோலில், செயலி விளம்பர ஐடியைப் பயன்படுத்துகிறதா, எதற்காக என்னும் கேள்விக்கு மேனிஃபெஸ்ட்டோடு முரண்படாத பதிலைப் பதிய வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வெளியீடு அங்கேயே நின்றுவிடும்.

நிரலில், அட்வர்டைசிங்-ஐடி-கிளையன்ட் வகுப்பின் கெட்-அட்வர்டைசிங்-ஐடி-இன்ஃபோ என்னும் செயற்கூறைத்தான் அழைக்கிறோம். அது பிளே சர்வீசஸோடு பேசிவிட்டு வர நேரம் எடுக்கும்; ஆகவே திரையை இயக்கும் முதன்மைத் திரெட்டில் அழைத்தால் இல்லீகல்-ஸ்டேட்-எக்ஸெப்ஷன் என்னும் பிழை எழும். கோட்லினில் எழுதுகிறவர்கள் ஐஓ டிஸ்பேட்சரில் ஒரு கோரூட்டினுக்குள் (பின்னணியில் ஓடும் நிரல் பகுதி) இதை வைத்துவிடலாம். பிளே சர்வீசஸ் இல்லாத கருவி, பழைய பதிப்பு உள்ள கருவி, இணைப்பு அறுந்த நிலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எக்ஸெப்ஷன்கள் உண்டு. மூன்றையும் பிடிக்க வேண்டும்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் வழக்கம், இந்த அழைப்பை ஒரே ஒரு செயற்கூறுக்குள் அடைத்து, செயலியின் வேறெந்த மூலையிலும் நேரடியாக அழைக்காமல் இருப்பது. அச்செயற்கூறு ஒன்று உண்மையான ஐடியைத் தரும், அல்லது வெறுமை என்று பொருள்படும் 'நல்' (null) மதிப்பைத் தரும். மூன்றாவது விடை கிடையாது. எக்ஸெப்ஷன் எழுந்தால் நல். பின்தொடர்வதைப் பயனர் மறுத்தாரா என்று சொல்லும் இஸ்-லிமிட்-ஆட்-டிராக்கிங்-எனேபிள்ட் 'ஆம்' என்றால் நல். கிடைத்த எழுத்துச் சரத்திலிருந்து இடைக்கோடுகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுழியங்கள் மட்டுமே என்றாலும் நல். சர்வரிலும் இதே சோதனையை மறுபடி வைத்திருக்கிறோம், ஏனென்றால் பழைய பதிப்பைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் பல மாதங்களுக்கு இருப்பார்கள். அவர்களுடைய கைப்பேசியில் நம் புதிய நிரல் இல்லை.

ஐடியைச் செயலிக்குள் நீண்ட நாள் சேமித்து வைக்கவும் கூடாது. பயனர் காலையில் ஐடியை மாற்றியிருக்க, நாம் போன மாதம் சேமித்ததை மாலையில் அனுப்பினால், அவர் அறுத்த கயிற்றை நாம் மீண்டும் முடிச்சுப் போட்டதாக ஆகும். தேவைப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிப்பதே முறை.

நாம் எழுதாத நிரலையும் பார்த்தாக வேண்டும். ஒரு எஸ்டிகேயைச் சேர்த்ததும், அதன் மேனிஃபெஸ்ட்டில் உள்ள அனுமதிகள் நம்முடையதோடு ஓசையின்றி இணைந்துவிடுகின்றன. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து, கீழே உள்ள மெர்ஜ்ட் மேனிஃபெஸ்ட் பகுதிக்குச் சென்றால், இறுதியில் எவையெல்லாம் சேர்ந்தன, எந்த லைப்ரரியிலிருந்து வந்தன என்பது தெரியும். விளம்பரமே இல்லாத செயலியில் ஏடி_ஐடி அனுமதி அங்கே தென்பட்டால், அந்த வரியை நம் மேனிஃபெஸ்ட்டில் எழுதி, டூல்ஸ்-நோட் என்பதற்கு ரிமூவ் என்று மதிப்புக் கொடுத்தால் அது நீங்கிவிடும்.

சர்வரில் வைக்கும் முறை

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். கூகுளின் கொள்கைப்படி, பயனரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் விளம்பர ஐடியை அவருடைய பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் போன்றவற்றோடு இணைக்கக் கூடாது; ஐஎம்இஐ போன்ற மாறாத எண்களோடு விளம்பரத் தேவைக்காக இணைக்கவே கூடாது. இதன் பொருள், ஒரே அட்டவணையில் அருகருகே இரண்டு நெடுவரிசைகளாக வைக்காமல் இருந்தால் போதும் என்பதல்ல. இரண்டு அட்டவணைகளில் பிரித்து வைத்துவிட்டு, பொதுவான வரிசை எண்ணால் எப்போது வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ள முடியும் என்றால், அதுவும் இணைப்புதான். ஐடியை ஹாஷ் செய்துவிட்டால் (ஒரு கணக்கின் வழியே வேறொரு எழுத்துச் சரமாக மாற்றிவிட்டால்) பெயரற்றதாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு; ஆனால் ஒரே ஐடிக்கு ஒரே ஹாஷ்தான் வரும் என்பதால், ஐடிகளின் பட்டியல் கையில் உள்ள எவரும் அதே கணக்கைச் செய்து பொருத்திவிடலாம். விளம்பரத் தொழிலில் அத்தகைய பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை.

பெயரையும் எண்ணையும் சேர்க்காமல் விட்டாலும், இருப்பிடத்தைச் சேர்த்தால் கதை மாறிவிடுகிறது. நகரத்து அடுக்குமாடியில் ஒரு புள்ளிக்குள் நூறு பேர் மறைந்துகொள்ளலாம். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிக் காட்டோரத்திலோ நாலைந்து வீடுகளே உள்ள குடியிருப்பில், இரவு முழுவதும் ஒரு கைப்பேசி எந்த வீட்டில் இருந்தது என்பது தெரிந்தால், அது யாருடையது என்று ஊரில் எவரும் சொல்லிவிடுவார்கள். அதே ஐடி ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையிலும், அடுத்த வாரம் முழுவதும் தர்மபுரி அரசு மருத்துவமனையிலும் பதிவாகியிருந்தால், அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, சந்தையில் மாட்டை விற்றிருக்கலாம், கைச்செலவுக்குப் பணம் தேவைப்படும் நிலை என்பதெல்லாம் ஊகமாக வந்து நிற்கின்றன. வட்டிக்குக் கொடுக்கிறவருக்கும், காய் பூவாக இருக்கும்போதே தோப்பை மொத்தமாகக் குத்தகை பேசுகிறவருக்கும் அந்த ஊகம் பணமாகும். அவர் கேட்கும் விலைக்கு விவசாயி தலையாட்ட வேண்டியதாகும்.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. எங்களுடைய செயலி ஓரளவு பரவியபின், வெளியூர்க் குழு ஒன்று எங்களை அணுகி, பயனர்களின் விளம்பர ஐடியையும் இருப்பிடத்தையும் மாதந்தோறும் கோப்பாகத் தந்தால் பணம் தருவதாகச் சொன்னது. பெயர் எதுவும் வேண்டாம், ஆகையால் யாருக்கும் பாதிப்பில்லை என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மறுத்துவிட்டோம். அன்றைக்கு எங்களிடம் அக்கோப்பைத் தயாரிக்கத் தேவையான தரவு முழுவதும் இருந்தது என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

அதன்பின் இருப்பிடத்தைச் சர்வருக்கு அனுப்புவதையே நிறுத்தினோம். அட்சரேகை, தீர்க்கரேகையை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாகும் என்று முதலில் யோசித்தோம். நகரத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம், மலைக்குடியிருப்புக்குப் போதாது. விலை காட்டுவதற்குப் பயனர் எந்த வட்டத்தைச் சேர்ந்தவர் என்பது தெரிந்தால் போதும்; அதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டோம். விளம்பரக் கணக்குக்கு ஐடி தேவைப்படும் இடத்தில் அதைத் தனித் தரவுத்தளத்தில், வேறெந்தச் சாவியும் இல்லாமல், 30 நாட்களுக்கு மட்டும் வைத்துத் தானாக அழியும்படி செய்திருக்கிறோம்.

ஐஃபோனில்

ஐஓஎஸ் 14.5 வெளியான 2021 ஏப்ரல் முதல், பயனர் 'சரி' என்று சொன்னால் மட்டுமே ஐடி கிடைக்கும். இன்ஃபோ-பிலிஸ்ட் கோப்பில் என்எஸ்-யூசர்-டிராக்கிங்-யூசேஜ்-டிஸ்க்ரிப்ஷன் என்னும் இடத்தில் காரணத்தை எழுதிவிட்டு, ஏடி-டிராக்கிங்-மேனேஜர் வழியாக அனுமதி கேட்க வேண்டும். செயலி முழுமையாகத் திறந்து திரையில் செயல்படும் நிலைக்கு வந்தபின் கேட்க வேண்டும், இல்லையெனில் கேள்விப் பெட்டி தோன்றாமலே போகும். அந்தப் பெட்டி ஒருமுறைதான் தோன்றும். மறுத்தவரிடம் மறுபடி கேட்க இயலாது. அனுமதி தந்தால்தான் செயலி இயங்கும் என்று நிபந்தனை போடுவதை ஆப்பிளின் விதிகள் ஏற்பதில்லை.

காரணத்தைத் தமிழிலும் எழுதுங்கள். 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்பது எதையும் சொல்லாத சொற்றொடர். நாங்கள் எழுதியது: "பிற செயலிகளிலும் தளங்களிலும் நீங்கள் பார்ப்பவற்றைக் கொண்டு, உங்களுக்கு ஏற்ற விளம்பரங்களைக் காட்ட இந்த அனுமதி பயன்படும். மறுத்தாலும் விலை விவரம் முழுவதும் கிடைக்கும்." நிறைய பேர் மறுத்தார்கள், அது அவர்கள் உரிமை.

சட்டமும் சிறுவர்களும்

2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் எல்லோரும் சிறுவர்களே. அவர்களைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. சிறுவர் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சிறுவர்களுக்கு மட்டுமேயான செயலிகள் விளம்பர ஐடியை அனுப்பவே கூடாது என்பது பிளே ஸ்டோரின் விதியும் ஆகும். பள்ளிப் பாடச் செயலி எழுதுகிறவர்கள் அந்த அனுமதியை மேற்சொன்ன முறையில் நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அதே சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களும் உள்ளன. நான்குமே அந்த அட்டவணையில் உண்டு. எங்கள் அறிவிப்பு இப்போது தமிழிலும் தெலுங்கிலும் இருக்கிறது, மற்ற இரண்டையும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சோதித்துப் பார்த்தல்

வெளியிடும் முன், உண்மையான கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் விளம்பரங்கள் என்பதைத் திறந்தால், ஐடியை மீட்டமைக்கவும் நீக்கவும் வழி இருக்கும். முதலில் செயலியைத் திறந்து, ஒரு சந்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூடுங்கள். ஐடியை மீட்டமைத்துவிட்டு மறுபடி திறங்கள்: தேர்வு அப்படியே இருக்க வேண்டும், விளம்பரக் கணக்கில் மட்டும் நீங்கள் புதியவராகத் தெரிய வேண்டும். பிறகு ஐடியை நீக்கிவிட்டுத் திறங்கள்: செயலியில் எதுவும் குறையக் கூடாது, சர்வரில் ஐடி இருந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டாவது கைப்பேசியிலும் ஐடியை நீக்கி, வேறொரு சந்தையைத் தேர்ந்தெடுத்து, முதல் கைப்பேசியில் அது வந்து தோன்றவில்லை என்பதைக் கட்டாயம் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை நாங்கள் செய்திருந்தால் அந்த ஜூன் மாதக் காலையில் பாலக்கோட்டுக்காரர் தக்காளி விலை தெரியாமல் வண்டியேற்றியிருக்க மாட்டார்.

எங்கள் பழுதைச் சரிசெய்தபோது முதலில் சர்வரைத்தான் தொட்டோம். சுழிய ஐடியோடு வரும் எந்தக் கோரிக்கைக்கும் சேமித்த தேர்வைத் தராமல், எல்லாச் சந்தைகளின் பட்டியலையும் காட்டும்படி அன்று மாலையே மாற்றினோம். அடுத்த பதிப்பில் செயலியே உருவாக்கும் யூயூஐடிக்கு மாறினோம். பழைய தேர்வுகள் போய்விட்டன, ஒவ்வொருவரும் மறுபடி ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்புகளின் பயன்பாடு ஓய்ந்தபின், அந்த அட்டவணையிலிருந்து விளம்பர ஐடி நெடுவரிசையை நீக்கினோம். வேலை முடிந்தது என்று நினைத்திருந்த வேளையில், இரவுதோறும் எடுக்கப்படும் காப்புப் பிரதிகளிலும், சர்வரின் அணுகல் பதிவுகளில் முகவரிக் கோட்டின் (யூஆர்எல்) பகுதியாகவும், பிழை அறிக்கைக் கருவியில் நாங்களே அனுப்பியிருந்த குறிப்புகளிலும் அதே ஐடிகள் கிடந்தன. உங்கள் தரவுத்தளத்தைத் துடைக்கும்போது இந்த மூன்று இடங்களையும் சேர்த்தே துடையுங்கள். இனிமேல் ஐடியை முகவரிக் கோட்டில் அனுப்பாமல், கோரிக்கையின் உடற்பகுதியில் மட்டும் அனுப்புங்கள்.